பழைய டிவி பதிவில் சீப்புப் பல்லும் நிழலும்: 25-ஆ, 50-ஆ, தொடாமல் விடுவதா?

கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றிய பதிவை ஆட்டம் ஓட்டம் உள்ள இடத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டில் ஒன்று கண்ணில் படும். நடப்பவரின் கை ஓரம் சீப்புப் பல் போல வரிவரியாகக் கிழிந்திருக்கும். அல்லது கை இரண்டாகி, ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று மங்கலாக நிற்கும். இரண்டையும் ஒரே கோளாறாக எண்ணி, கையில் இருக்கும் மென்பொருளில் ‘டிஇன்டர்லேஸ்’ என்ற பெட்டியை டிக் செய்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். நல்ல பதிவுகள் பல அந்த ஒரு டிக்கில்தான் பாழாகின்றன.

சீப்புப் பல் தெரிகிற கோப்பில் டேப்பிலிருந்த அத்தனை தகவலும் அப்படியே இருக்கிறது. பிரித்து எடுப்பது மட்டுமே பாக்கி. நிழல் தெரிகிற கோப்பில் யாரோ, எங்கேயோ, இரண்டு படங்களை ஏற்கெனவே கரைத்து ஒன்றாக்கிவிட்டார்கள். பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கிற வேலை அது. சில சமயம் முடியும், பெரும்பாலும் முடியாது. ஆகவே பல்லைப் போக்குகிறேன் என்று அதை நிழலாக மாற்றிவிடாமல் இருப்பதுதான் இந்த வேலையில் முதல் கவனம்.

ஒரு ஃபிரேமுக்குள் இரண்டு கணங்கள்

இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் எல்லாம் பிஏஎல் முறையில் ஒளிபரப்பிய நாடுகள். மொத்தம் 625 வரி, அதில் படம் வருவது 576. நொடிக்கு 25 ஃபிரேம் என்று சொன்னாலும் கேமரா அனுப்புவது 50 அரைப்படங்கள். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக 288 வரிகள். 1/50 நொடி கழித்து இடையில் விட்டுப்போன 288 வரிகள். இந்த அரைப்படத்துக்குப் பெயர்தான் ஃபீல்டு. பழைய குழாய் டிவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரைந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் திரையில் நின்றதே இல்லை. இப்படி ஒரு படத்தை இரண்டு ஃபீல்டாக அனுப்புவதுதான் இன்டர்லேஸ்; அவற்றைப் பிரித்து முழுப்படமாக்குவது டிஇன்டர்லேஸ். கணினி அவற்றைக் கோத்து ஒரே படமாகக் காட்டுகிறது. திரையை இரண்டு நொடியில் கடக்கிற ஆள் ஒரு ஃபீல்டு நேரத்தில் சுமார் 7 பிக்சல் நகர்ந்திருப்பார். நீங்கள் பார்க்கிற பல்லின் நீளமும் அதே 7 பிக்சல்.

சினிமா இதில் சேராது. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்த படத்தை பிஏஎல் ஒளிபரப்புக்காக 25 வேகத்தில் ஓட்டுவார்கள். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும். குரலின் சுருதியும் அரைச் சுரத்தைவிடக் கொஞ்சம் குறைவாக ஏறிவிடும். ஒரு ஃபிலிம் சட்டத்திலிருந்தே இரண்டு ஃபீல்டும் பிறப்பதால் இரண்டுக்கும் நேரம் ஒன்று, பல் வர வழியில்லை. ஆனாலும் சில சினிமாப் பதிவுகளில் படம் முழுக்கப் பல் தெரியும். எடிட்டிங்கிலோ ஒளிபரப்பிலோ ஒரு ஃபீல்டு தள்ளிப்போய், இந்தச் சட்டத்தின் இரண்டாம் பாதி அடுத்த சட்டத்தின் முதல் பாதியோடு ஜோடி சேர்ந்திருக்கும். பார்க்கப் பயமாக இருக்கும் இந்த வகைதான் சரிசெய்ய மிகச் சுலபம்.

அமெரிக்கா, கனடாவில் என்டிஎஸ்சி: 525 வரி, படத்துக்கு 480, நொடிக்கு 59.94 ஃபீல்டு. அங்கே சினிமாவை வேகப்படுத்துவதில்லை. ஒரு சட்டத்துக்கு மூன்று ஃபீல்டு, அடுத்ததற்கு இரண்டு என்று மாற்றி மாற்றிப் பரப்புவார்கள். அதனால் ஐந்து ஃபிரேமில் மூன்று சுத்தமாகவும் இரண்டு பல்லோடும் ஒழுங்கான தாளத்தில் வரும்.

தேர்வுக்கு முன் ஐந்து நிமிடச் சோதனை

பிளேயரில் டிஇன்டர்லேஸை முதலில் அணைத்துவிடுங்கள். விஎல்சியில் அது தானியங்கி நிலையில் இருக்கும். அதை அணைக்காமல் பார்த்தால் கோப்பைப் பார்க்கவில்லை, விஎல்சி சமைத்துப் பரிமாறியதைப் பார்க்கிறீர்கள். கேமரா பக்கவாட்டில் திரும்புகிற காட்சி ஒன்றைத் தேடி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். செய்தி வாசிப்பவரின் முகத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

அடுத்து, அந்தப் பத்து நொடித் துண்டை மட்டும் ஃபீல்டு ஃபீல்டாகப் பிரித்து, நொடிக்கு 50 படமாக்கிப் பாருங்கள். இந்தப் பிரிப்புக்கு பாப் என்று பெயர். உண்மை இங்கேதான் தெரியும். ஒவ்வொரு படத்திலும் ஆள் சிறிது சிறிதாக நகர்ந்தால் அது அசல் வீடியோ: கிரிக்கெட், ஸ்டுடியோ நிகழ்ச்சி, வீடியோ கேமராவில் எடுத்த சீரியல், கல்யாணக் கேசட். இரண்டிரண்டு படங்கள் ஒரே இடத்தில் நின்றால் சினிமா. மூன்று, இரண்டு, மூன்று, இரண்டு என்று நின்றால் என்டிஎஸ்சியில் பரப்பிய சினிமா. பிரித்த பிறகும் ஒரே ஃபீல்டுக்குள் இரண்டு கை தெரிந்தால் அது கலந்துபோன பதிவு. எந்த டிஇன்டர்லேஸ் பொத்தானும் அதற்கு மருந்தல்ல. ஆள் இரண்டடி முன்னே போய் ஓரடி பின்னே வந்தால் ஃபீல்டு வரிசை தலைகீழாக இருக்கிறது. டிவி கேமராக்களின் கோப்பில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். டிவிடி, டிஜிட்டல் ஒளிபரப்பு ஆகியவற்றில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். (இங்கே ‘டிவி’ என்பது தொலைக்காட்சி அல்ல, மினி-டிவி கேசட்டின் டிவி. இந்தப் பெயர்க் குழப்பத்துக்கு நாம் பொறுப்பில்லை.)

கோப்பின் தலைப்பில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். வீட்டு டிவிடி ரெக்கார்டர்கள் சினிமாவானாலும் கிரிக்கெட்டானாலும் ‘இன்டர்லேஸ்’ என்றே முத்திரை குத்தும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் உள்ள ஐடெட் வடிகட்டி ஃபிரேம்களை எண்ணிச் சொல்லும். ஆனால் அசைவு குறைந்த காட்சிகளை அது முழுப்படம் என்று எண்ணிவிடும், ஆகவே ஓட்டமுள்ள பகுதியில் சில ஆயிரம் ஃபிரேமாவது ஓடவிட்டுத்தான் அதன் கணக்கை எடுக்க வேண்டும்.

நிழல் என்றால் எல்லாமே கலப்பால் வந்ததும் அல்ல. ஆன்டெனா காலத்துப் பதிவில், கட்டடத்திலோ குன்றிலோ பட்டுத் திரும்பிய அலை தாமதமாக வந்து வலப்பக்கம் ஒரு நிழலைப் பதித்திருக்கும். படம் அசையாதபோதும் அது இருக்கும். ஒரே தூரத்தில் இருக்கும். ஒரு வரியில் படம் வரைய எடுக்கும் நேரம் 52 மைக்ரோ நொடி. எதிரொலி 300 மீட்டர் சுற்றி வந்தால் 1 மைக்ரோ நொடி தாமதம். 720 பிக்சல் அகலப் படத்தில் சுமார் 13 பிக்சல் தள்ளி விழும். இது டேப்பிலேயே பதிந்த குறை, இன்டர்லேஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இன்னொரு வகை, அசைகிற பொருளின் பின்னால் புகை போல இழுபடுவது. அது விசிஆரிலோ டிவிடி ரெக்கார்டரிலோ உள்ள இரைச்சல் குறைப்பு முந்தைய ஃபிரேமைச் சேர்த்துக் கலப்பதால் வருவது. அந்த வசதியை அணைத்து மறுபடி ஓட்டினால் போய்விடும்.

தொடாமல் வைப்பது

காப்பகப் பிரதிக்கு வேறு பேச்சே கிடையாது. 720-க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம், இன்டர்லேஸ் அப்படியே. சுருக்காமல் வைத்தால் மணிக்கு சுமார் 75 ஜிபி; எஃப்எஃப்வி1 போன்ற இழப்பற்ற முறையில் ஏறக்குறைய பாதி. இடம் இல்லையென்றால் மினி-டிவி வடிவம் மணிக்கு 13 ஜிபி. டிஇன்டர்லேஸ் உத்திகள் ஆண்டுக்கு ஆண்டு மேம்படுகின்றன, இன்று பிரித்ததை நாளை இன்னும் நன்றாகப் பிரிக்கலாம். ஆனால் டேப்பின் காந்தப் பூச்சு அதுவரை காத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

பார்ப்பதற்கான பிரதியாக இது சரிப்படாது. டிவிடி பிளேயர் வழியாக டிவியில் ஓடினால் அழகாகவே தெரியும்; கைபேசியும் பிரவுசரும் பல்லைக் காட்டும். இன்னொரு கண்ணி: இன்டர்லேஸ் கோப்பை எச்.264 என்ற சுருக்க வடிவத்துக்கு மாற்றும்போது இன்டர்லேஸ் என்று குறிப்பிடாவிட்டால் இரண்டு ஃபீல்டின் நிறங்களும் ஒன்றில் ஒன்று கசியும். சிவப்புப் புடவையின் ஓரத்தில் வரிவரியாக நிறம் சிதறுவது இதனால்தான். கருப்பு வெள்ளை விவரம் தப்பித்தாலும் நிறம் திரும்பாது.

25 ஆக்குவது

மென்பொருள்கள் தரும் 25 ஃபிரேம் வழிகளில் தரம் ஏணிப்படியாக வேறுபடும். ‘பிளெண்ட்’ இரண்டு ஃபீல்டையும் சராசரி எடுத்துக் கலக்கும். பல் மறையும், அசைகிற எல்லாவற்றுக்கும் நிழல் முளைக்கும். சரிசெய்யக்கூடியதைச் சரிசெய்ய முடியாததாக மாற்றும் வழி இது. எந்தப் பதிவுக்கும் பரிந்துரைக்க மாட்டோம். ‘டிஸ்கார்ட்’ ஒரு ஃபீல்டை எறிந்துவிடும், 288 வரிதான் மிஞ்சும். யாடிஃப், பிடபிள்யூடிஃப் போன்ற டிஇன்டர்லேஸ் வடிகட்டிகள் ஒரு ஃபீல்டை வைத்துக்கொண்டு, அசையாத இடங்களில் மற்றதிலிருந்து வரியை எடுத்தும் அசைகிற இடங்களில் அக்கம்பக்கத்தை வைத்து ஊகித்தும் நிரப்புகின்றன. 25 தான் வேண்டும் என்றால் இவற்றோடு நில்லுங்கள்.

கிடைத்த 50 கணங்களில் 25-ஐ எறிகிறோம் என்பது இதன் விலை. மேடையில் தாலி கட்டும் காட்சிக்கு அது பெரிதாகத் தெரியாது. பந்து மட்டையிலிருந்து பறப்பதற்கும் பரதநாட்டியத்துக்கும் தெரியும். ஒரு முத்திரையிலிருந்து இன்னொன்றுக்குக் கை போகிற வழியே விட்டுவிட்டுத் தாவும்.

50 ஆக்குவது

அசல் வீடியோவுக்கு எங்கள் ஓட்டு இதற்கே. ஒவ்வொரு ஃபீல்டும் ஒரு முழு ஃபிரேமாகிறது, அன்று டிவியில் பார்த்த அதே வழுக்கல் கிடைக்கிறது. வெறும் வரியை இரட்டிக்கிற சாதாரண பாப் மட்டும் வேண்டாம்: மேல் ஃபீல்டும் கீழ் ஃபீல்டும் ஒரு வரி தள்ளி இருப்பதால் சேனல் லோகோவும் எழுத்தும் மேலும் கீழும் துடிக்கும். பிடபிள்யூடிஃபை ஃபீல்டுக்கு ஒரு ஃபிரேம் என்ற நிலையில் ஓட்டினால் வேகமாகவும் ஒழுங்காகவும் வரும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அதே வடிகட்டிக்கு ‘பாப்’ என்ற தேர்வு உண்டு. கீழே ஃபிரேம் வீதம் 25 என்று பூட்டியிருந்தால் பிரித்ததில் பாதியை அதுவே கொட்டிவிடும், அதை 50 ஆக்க மறக்கக்கூடாது. கோப்பின் அளவு இரட்டிக்குமோ என்று பயப்பட வேண்டாம். அடுத்தடுத்த படங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் கூடுதல் அதைவிடக் குறைவுதான்.

ஏவிசிந்த் அல்லது வேப்பர்சிந்த் என்ற ஸ்கிரிப்ட் மென்பொருள்களில் ஓடும் க்யூடிஜிஎம்சி இதைவிட ஒரு படி மேல். முன்பின் ஃபீல்டுகளில் பொருள் எங்கே நகர்ந்தது என்று தடம் பிடித்து, இல்லாத வரிகளை அங்கிருந்து கொண்டுவருகிறது. ஜன்னல் கம்பி, பட்டுச் சரிகை, கிரிக்கெட் மட்டையின் ஓரம் போன்ற மெல்லிய கோடுகள் மினுக்காமல் நிற்பது இதில்தான். விலை நேரம்: சாதாரணக் கணினியில் ஒரு மணி நேரப் பதிவுக்குப் பல மணி நேரம் ஆகலாம். இரைச்சல் மிகுந்த விஎச்எஸ் டேப்பில் இரைச்சலையும் சேர்த்து வழித்துவிடுவதால் முகங்கள் மெழுகு பூசியது போல ஆகும். ‘ஸ்லோவர்’ என்பது அதன் இயல்பான நிலை. ‘ஃபாஸ்ட்’ வைத்து ஒரு நிமிடத் துண்டை ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கலாம்.

யூடியூபில் ஏற்றுபவர்களுக்கு ஒரு கணக்கு. அங்கே 50 ஃபிரேம் ஓட்டம் 720 வரியும் அதற்கு மேலும் உள்ள தரத்துக்குத்தான். 576 வரியில் ஏற்றினால் ஓட்டம் பாதியாகிவிடும். டிஇன்டர்லேஸ் செய்த பிறகு, 4:3 படமானால் 960-க்கு 720 அல்லது 1440-க்கு 1080 என்று பெரிதாக்கி ஏற்றுங்கள்.

ஃபீல்டு பொருத்துவது

சினிமாவுக்கு டிஇன்டர்லேஸே தேவையில்லை. பிரிந்த ஜோடியைச் சேர்த்து வைத்தால் போதும். எஃப்எஃப்எம்பெக்கின் ஃபீல்டுமேட்ச் ஒவ்வொரு ஃபீல்டுக்கும் முன்னோ பின்னோ உள்ள அதன் ஜோடியைத் தேடிக் கோக்கும். எந்த வரியும் ஊகித்து நிரப்பப்படுவதில்லை, 576-உம் அசல். பிஏஎல்லில் அதோடு முடிந்தது. என்டிஎஸ்சியில் அதன்பின் ஐந்தில் ஒரு நகல் ஃபிரேமை நீக்கும் டெசிமேட் வேண்டும், 29.97 போய் 23.976 வரும். டெசிமேட்டைப் பழக்கத்தில் பிஏஎல் பதிவுக்கும் போட்டுவிட்டால் ஐந்தில் ஒரு நல்ல ஃபிரேம் பறிபோய், படம் நொடிக்கு ஐந்து முறை விக்கும்.

தனியார் சேனல்களில் பதிந்த சினிமாவில் ஒரு சிக்கல் உண்டு. படம் 25, கீழே ஓடும் விளம்பர எழுத்து 50. ஃபீல்டு பொருத்தினால் படம் கண்ணாடி போலத் தெளியும், ஓடும் எழுத்து மட்டும் பல்லிளிக்கும். பொருத்திய பின்னும் பல் மிஞ்சும் ஃபிரேம்களுக்கு மட்டும் யாடிஃப் போடலாம். எழுத்து நிற்காமல் ஓடினால் அதுவே எல்லா ஃபிரேமுக்கும் என்றாகிவிடும். அப்போது கீழ்ப்பட்டையை வெட்டிவிடுவது, இல்லையேல் எல்லாவற்றையும் 50 ஆக்குவது. தொகுப்பாளர் வீடியோவில் பேசி, நடுநடுவே சினிமாப் பாட்டு வருகிற வெள்ளிக்கிழமை ரக நிகழ்ச்சிகளுக்கும் 50 தான் ஒத்துவரும். பாட்டுப் பகுதியில் ஒவ்வொரு படமும் இருமுறை வரும், அவ்வளவே நஷ்டம்.

கலந்துபோன பதிவு

ஊரில் எடுத்த கல்யாணக் கேசட்டை டொரொண்டோவில் உள்ள உறவினருக்கு அனுப்ப, பிஏஎல்லிலிருந்து என்டிஎஸ்சிக்கு மாற்றிய பிரதிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. (பாரிஸுக்குப் போன கேசட்டுக்கு இந்தக் கதி இல்லை. பிரான்ஸின் செக்காம் முறையும் 625 வரி, 50 ஃபீல்டு. மாறுவது நிறத்தைக் குறிக்கும் விதம் மட்டுமே.) மாற்றும் கருவி 5 ஃபீல்டிலிருந்து 6 ஃபீல்டு தயாரிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டைக் கலந்து தயாரிக்கிற எளிய கருவியில், புதிய ஃபீல்டுகள் பழைய கணக்கில் 0, 0.83, 1.67, 2.5, 3.33, 4.17 ஆகிய இடங்களில் விழும். முதலாவது மட்டும் கலப்பற்றது. நான்காவது சரிபாதிக் கலப்பு. நிழல் மிகப் பளிச்சென்று தெரிவது அதில்.

அசல், வீடியோவாக இருந்தால் ஆறில் ஒன்றுதான் சுத்தம் என்பதால் மீட்க வழியில்லை. அசல் சினிமாவாக இருந்தால் கதையே வேறு. 0-உம் 1-உம் ஒரே சட்டத்தின் ஃபீல்டுகள், 0.83-இல் அவை கலந்தாலும் ஒன்றோடு அதுவே கலந்தது போல, நிழல் வராது. 2.5-இல் 2-உம் 3-உம், 4.17-இல் 4-உம் 5-உம் அப்படியே. 1.67-உம் 3.33-உம்தான் இரு வேறு சட்டங்களைக் கலக்கின்றன. இப்படிக் கணக்கிட்டால் ஒவ்வொரு சட்டத்துக்கும் குறைந்தது ஒரு சுத்தமான ஃபீல்டு கிடைத்துவிடும். எஸ்ரெஸ்டோர் என்ற ஏவிசிந்த் ஸ்கிரிப்ட் இந்தச் சுத்தமானவற்றைப் பொறுக்கி 25 ஃபிரேமாகக் கோக்கிறது. முதலில் நல்ல பாப் செய்து 59.94 ஆக்கி அதனிடம் தர வேண்டும். ஒரே ஃபீல்டு கிடைத்த சட்டங்கள் சற்று மென்மையாக இருக்கும். நான்கு ஃபீல்டுகளைக் கலக்கும் கருவியில் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

கல்யாண விசிடிகளும் இதே வகையில் சேரும். விசிடி என்பது 352-க்கு 288, அதில் இன்டர்லேஸுக்கு இடமே இல்லை. தயாரித்தவர் ஒரு ஃபீல்டை எறிந்திருப்பார் அல்லது இரண்டையும் கலந்திருப்பார். இரண்டு நிலையிலும், விசிடியோடு மல்லுக்கட்டுவதைவிட, அசல் டேப் பரணில் கிடக்கிறதா என்று தேடுவது நூறு மடங்கு லாபம்.

டேப்பை மறுபடி ஓட்டும்போது

மலிவான யூஎஸ்பி கேப்சர் குச்சிகளின் மென்பொருள் பெரும்பாலும் 640-க்கு 480 என்று வைத்திருக்கும். பிஏஎல் டேப்பை அதில் பிடித்தால் 576 வரியைப் பிரிக்காமலே 480-க்கு நசுக்கிவிடும். பற்கள் தடித்து, அலையலையாக ஒன்றில் ஒன்று கரைந்து, எந்த வரி எந்த ஃபீல்டுக்கு உரியது என்றே தெரியாமல் போகும். அதன்பின் எந்த மென்பொருளும் உதவாது. 720-க்கு 576, 25, 4:2:2 நிறம், டிஇன்டர்லேஸ் அணைப்பு என்று வைத்து வர்ச்சுவல்டப் போன்ற ஒன்றில் பிடியுங்கள். ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருள் இன்டர்லேஸாகச் சேமிக்காது. அதுதான் கையில் இருக்கிறது என்றால் மூலத்துக்கு ‘யாடிஃப் 2எக்ஸ்’, ஃபிரேம் வீதம் 50.

விஎச்எஸ் படத்தின் அடியில் சில வரிகள், விசிஆரில் டேப்பைப் படிக்கும் தலை மாறும்போது வரும் இரைச்சலால் கிழிந்திருக்கும். அதை வெட்டத் தோன்றுவது இயல்பு. அளவு மாற்றுவது, இரைச்சல் துடைப்பது, வெட்டுவது எல்லாம் டிஇன்டர்லேஸுக்குப் பிறகு. முன்பே வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மேலிருந்து நான்கு நான்கு வரியாக வெட்டுங்கள். மேலே ஒற்றை வரி போனாலும் ஃபீல்டு வரிசை புரண்டு, நடப்பவர் மறுபடி இரண்டடி முன்னும் ஓரடி பின்னுமாக ஆடத் தொடங்கிவிடுவார்.